மின்கலத்தை அளந்த கதை



பானையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அறிய மூடியைத் திறந்து பார்க்கிறோம். எரிவாயுத் தோம்பில் எவ்வளவு மிச்சம் என்பதைச் சற்றே தூக்கிப் பார்த்து மதிப்பிடுகிறோம். பேட்டரி என்று நாம் அழைக்கும் மின்கலத்தில் இந்த இரண்டு வழிகளும் பலிப்பதில்லை. திறந்தால் உள்ளே கறுப்பு மாவுதான் தெரியும். தூக்கிப் பார்த்தால் நிறைந்ததும் தீர்ந்ததும் ஒரே கனமாக இருக்கும். அப்படியிருக்க, கடையில் வாங்கும் கலத்தின் மேல் இரண்டாயிரம் என்றும் பத்தாயிரம் என்றும் எண் அச்சிட்டிருக்கிறார்களே, அதை யார் எப்படி அளந்தார்கள்? அந்த எண்ணை நம்பலாமா? நம்மில் விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறவர்களுக்கு இது வெறும் பாடப்புத்தகக் கேள்வி அன்று. பாதி நிரையில் விளக்கு மங்கினால் உளி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிடும். காலடியில் கிடப்பது கொடியா பாம்பா என்றும் தெரியாது.

மின்கலம் பிறந்தது 1800-ஆம் ஆண்டு. இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்டா துத்தநாக வில்லைகளையும் வெள்ளி அல்லது செம்பு வில்லைகளையும் மாற்றி மாற்றி அடுக்கினார். இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்தார். அவ்வடுக்கின் இரு முனைகளையும் தொட்டபோது மின்சாரம் தொடர்ந்து ஓடியது. அவ்வாண்டு மார்ச்சு 20-ஆம் நாளிட்ட கடிதத்தில் இதை இலண்டனுக்கு எழுதித் தெரிவித்தார். அவரிடம் இருந்த அளவுகோல்களில் ஒன்று என்ன தெரியுமா? அவருடைய உடம்புதான். ஈரக் கையால் தொட்டு அதிர்ச்சி எவ்வளவு என்று பார்த்தார். நாக்கில் வைத்துச் சுவை பார்த்தார். நம் பிள்ளைகள் சதுர பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்க்கிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு இருநூறு வயது கடந்துவிட்டது!

ஆனால் நாக்கு சொல்வது ஒன்று, நமக்குத் தேவையானது வேறொன்று. இந்த நொடியில் மின்சாரம் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பதை நாக்கு ஓரளவு உணரும். இன்னும் எத்தனை மணி நேரம் தள்ளும் என்பது நாக்குக்குத் தெரியாது. குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் பீறிட்டு வந்தால் தொட்டி நிறைந்திருக்கிறது என்று ஆகிவிடாது அல்லவா? உயரத்தில் வைத்த சிறு வாளியிலிருந்தும் பீறிட்டு வரும். அழுத்தம் வேறு, கொள்ளளவு வேறு. இந்த வேறுபாடு தெளிவாவதற்கு அறிஞர்களுக்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1820-இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் என்பவர், மின்சாரம் ஓடும் கம்பி திசைகாட்டியின் ஊசியைத் திருப்புவதைக் கண்டார். அன்று முதல் மின்னோட்டத்தைக் கண்ணால் பார்த்து அளக்கும் கருவிகள் தோன்றின. ஆனால் ஊசியும் அந்த நொடியை மட்டுமே சொன்னது. ஓடி முடிந்த மின்சாரம் மொத்தம் எவ்வளவு என்பதைச் சொல்ல இன்னொருவர் வரவேண்டியிருந்தது.

அவர் மைக்கேல் பாரடே. இலண்டனை அடுத்து ஒரு கொல்லரின் மகனாக 1791-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு எழுத்தும் கணக்கும் அறிந்த அளவோடு நின்றது. புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகினார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலைக் கற்றார். 1813-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு அந்நிலையத்தின் பெயரையே உலகறியச் செய்தார். அவர் செய்த எத்தனையோ ஆய்வுகளில் 1830-களின் தொடக்கத்தில் செய்த ஒன்றுதான் இன்றைய பேச்சுக்கு உரியது.

மின்சாரத்தைத் தண்ணீரில் செலுத்தினால் தண்ணீர் பிரிந்து வாயுவாகும். அந்த வாயுவைக் கோடுபோட்ட கண்ணாடிக் குழாயில் பிடித்து அளந்தார் பாரடே. மின்சாரம் வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும், மொத்தம் ஓடிய அளவு ஒன்றே என்றால் பிரியும் வாயுவும் ஒன்றே என்று கண்டார். உலோக உப்பு கரைந்த நீரில் செலுத்தினால், தகட்டில் படியும் உலோகத்தின் எடையும் அப்படியே. இரட்டிப்பு மின்சாரத்துக்கு இரட்டிப்பு எடை. இந்த விதியை அவர் 1834-இல் வெளியிட்டார்.

இதை நாம் கொஞ்சம் நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத, கையில் பிடிக்க முடியாத மின்சாரத்தைத் தராசில் நிறுக்க வழி பிறந்துவிட்டது. அதே விதி மின்கலத்துக்குள்ளும் செல்லும். கலத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறோம் என்றால், உள்ளே இத்தனை கிராம் துத்தநாகம் வேறொரு பொருளாக மாறுகிறது என்று பொருள். மாறிய பொருள் வெளியே போவதில்லை, உள்ளேயே இருக்கிறது. அதனால்தான் தீர்ந்த கலமும் கனம் குறையாமல் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் உள்ளே வைத்த பொருள் எவ்வளவோ, அதற்கு மேல் ஒரு சொட்டு மின்சாரமும் அந்தக் கலத்திலிருந்து வராது. இதைப் பிறகு ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தப் போகிறோம்; நினைவில் வைத்திருங்கள்.

அளவுக்குப் பெயரும் வேண்டுமே. 1881-இல் பாரிசில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு ஆம்பியர், கூலும் ஆகிய பெயர்களை முடிவு செய்தது. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு நொடி ஓடினால் ஒரு கூலும். அதுவே ஒரு மணி நேரம் ஓடினால் 3,600 கூலும். அதைத்தான் ஓர் ஆம்பியர்-மணி என்கிறோம். 1893-இல் சிக்காகோ மாநாடு ஆம்பியரைத் தராசைக் கொண்டே வரையறுத்தது: நொடிக்கு 0.001118 கிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்னோட்டமே ஓர் ஆம்பியர். இங்கே வெள்ளி என்றது நாம் கடையில் நீட்டும் வெள்ளியை அன்று, கொலுசு செய்யும் வெள்ளியை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் ஆம்பியர்-மணிக்கு நான்கு கிராம் வெள்ளி வருகிறது, அதாவது அரைப் பவுன் எடை. கலத்தின் மேல் 2,000 மில்லியாம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், அது ஒரு பவுன் எடை வெள்ளியைப் படியவைக்கக்கூடிய மின்சாரம் என்று பொருள்.

தாமஸ் எடிசன் இதையே வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார். 1882-இல் நியூயார்க் நகரில் அவர் மின்விளக்கு வழங்கத் தொடங்கியபோது, வீடுகளில் வைத்த மீட்டரில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. ஒரு ஜாடியில் துத்தநாக உப்பு நீரும் இரண்டு துத்தநாகத் தகடுகளும் இருந்தன. வீட்டுக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு அதன் வழியாகப் போகும். மாதம் ஒருமுறை ஆள் வந்து தகடுகளைக் கழற்றிச் சென்று நிறுப்பார். எடை மாறிய அளவுக்குப் பணம். பால் நிறுத்துச் சம்பளம் கண்ட நம்மவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது.

இதற்கிடையில் பேட்டரியும் வளர்ந்திருந்தது. 1859-இல் பிரான்சு நாட்டுப் பிளான்டே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து, மீண்டும் மீண்டும் நிரப்பக்கூடிய முதல் கலத்தைச் செய்தார். இன்றைய கார் பேட்டரி அதன் வழித்தோன்றல்தான். 1881-இல் போர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகட்டின் மேல் ஈய ஆக்சைடுக் குழம்பைப் பூசி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். அவ்வாண்டே அவருடைய கலங்கள் நான்கை ஒரு பெட்டியில் அடக்கிப் பாரிசிலிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு எடுத்துச் சென்றார்கள். பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர்பெற்ற வில்லியம் தாம்சன்தான் அங்கே அதைச் சோதிக்கக் காத்திருந்தவர். ‘மின்சாரப் பெட்டி’ என்று இலண்டன் பத்திரிகை அதைக் கொண்டாடியது. பத்து இலட்சம் அடி-பவுண்டு ஆற்றல் அதில் இருக்கிறது என்றார்கள். பத்து இலட்சம் என்றவுடன் மலைப்பாக இருக்கிறது அல்லவா? இன்றைய கணக்கில் அது ஏறக்குறைய 377 வாட்-மணி. பத்தாயிரம் என்று அச்சிட்ட பவர் பேங்க் பத்து சேர்ந்தால் அவ்வளவு வந்துவிடும்.

பெரிய எண்ணைச் சொல்லிப் பங்கு விற்கும் கம்பெனிகள் உடனே முளைத்தன. எடிசனுக்கே கோபம் வந்து, சேமிப்பு பேட்டரி என்பது மக்களை ஏமாற்றும் வழி என்று 1883-இல் பத்திரிகைக்குச் சொன்னார். பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து அவரே நிக்கலும் இரும்பும் கொண்ட பேட்டரியைச் செய்ய முனைந்ததும், 1903-இல் விற்ற கலங்கள் ஒழுகியும் கொள்ளளவு குறைந்தும் போனதால் மறு ஆண்டே விற்பனையை நிறுத்தித் திருத்தியதும் தனிக் கதை. அவரை நாம் குறை சொல்வதற்கில்லை. சொன்ன அளவு வரவில்லை என்று கண்டதும் விற்பனையை நிறுத்திய வியாபாரிகள் எத்தனை பேர்?

எண் பொய்யாவதற்கு ஏமாற்று மட்டுமே காரணம் அன்று. ஜெர்மானியரான பியூக்கர்ட் 1897-இல் ஓர் உண்மையைக் கணக்காக எழுதிக் காட்டினார்: ஈய பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எவ்வளவு வேகமாக எடுக்கிறோமோ, அவ்வளவுக்கு மொத்தம் கிடைப்பது குறையும். லாரி பேட்டரி ஒன்றில் 60 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக அது இருபது மணி நேரக் கணக்கு. மூன்று ஆம்பியராக எடுத்தால் இருபது மணி நேரம் வரும். பத்து மடங்கு வேகத்தில், முப்பது ஆம்பியராக எடுத்தால் இரண்டு மணி நேரம் வரவேண்டும் அல்லவா? வராது. ஒன்றேகால் மணி அளவிலேயே தீர்ந்துவிடலாம். தகட்டின் ஆழத்துக்குள் அமிலம் ஊறிச் செல்ல நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் மேற்புறம் மட்டுமே வேலை செய்யும். ஆகவே, “எவ்வளவு?” என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. “எத்தனை மணி நேரத்தில் எடுத்தால் அவ்வளவு?” என்பதும் சேர்ந்தால்தான் முழுக் கேள்வி.

ஈய பேட்டரிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மின்சாரம் எடுக்க எடுக்க அமிலம் தகட்டோடு சேர்ந்து, மிஞ்சும் நீர் கனம் குறையும். நம் தோட்டத்து வொர்க்ஷாப்புகளில் ரப்பர்க் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் பேட்டரி நீரை உறிஞ்சிப் பார்ப்பார்களே, அது இதைத்தான் அளக்கிறது. உள்ளே மிதவை 1.28-ஐ ஒட்டி நின்றால் நிறைவு, 1.12 அளவுக்கு இறங்கினால் காலி. மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. பகலெல்லாம் மின்சாரம் வராத தோட்டங்களில் எங்கள் பெற்றோர் பேட்டரி வைத்துத்தான் கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தார்கள். லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அங்கே முப்பது பேர் இருப்பார்கள். கதாநாயகன் வில்லனை நெருங்கும் நேரம் படம் சுருங்கிக்கொண்டே வந்து ஒரு கோடாகி மறையும். சைக்கிளின் பின்னால் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய் நிரப்பி வருவார்கள். அந்த மிதவைக் குழாய் வீட்டில் இருந்திருந்தால் சனிக்கிழமை காலையிலேயே தெரிந்திருக்கும்.

டார்ச் லைட்டிலும் ரேடியோவிலும் போட்ட உலர்ந்த கலத்துக்கு அந்த வசதி இல்லை. அது 1866-இல் லெக்லாஞ்சே செய்த நவச்சார நீர்க் கலத்திலிருந்து வந்தது. 1886-இல் ஜெர்மனியின் காஸ்னர் அதை ஒழுகாத களிம்பாக்கினார். 1899-இல் அமெரிக்காவில் கைவிளக்கு காப்புரிமை பெற்றது. முதல் விளக்குகள் சிறிது நேரம் மின்னிவிட்டு ஓய்வு கேட்டன. அந்தக் கலத்தைச் சோதிக்கக் கடைக்காரர்கள் ஒரு மீட்டரை நேரே அதன் இரு முனைகளில் வைத்து ஒரு கணம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்தார்கள். முள் துள்ளினால் நல்ல கலம். இது வோல்டாவின் நாக்கைத் தவிர வேறில்லை! பீறிட்டுப் பாய்ந்த கலம் சீக்கிரம் தீர்ந்ததும், அடக்கமாகப் பாய்ந்தது நீடித்ததும் உண்டு.

1912-இல் அமெரிக்க மின்வேதியியல் சங்கத்தின் குழு ஒன்று உலர் கலத்தைச் சோதிக்க ஒரே மாதிரியான முறைகளைப் பரிந்துரைத்தது. அவற்றின் வழிவந்த சோதனைகளில் ஒன்றைச் சொன்னால் போதும். மணிக்கு நான்கு நிமிடம் மட்டும் கலத்தை எரியவிடுவார்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் இப்படிச் செய்து, மின்னழுத்தம் குறித்த அளவுக்கு இறங்கும்வரை மொத்த நிமிடங்களைக் கூட்டுவார்கள். ஏன் இந்த இடைவெளி? மனிதன் டார்ச்சை அப்படித்தான் பயன்படுத்துகிறான். ஓய்வு கொடுத்தால் அந்தக் கலம் கொஞ்சம் தெளிந்தும் எழும். தீர்ந்த பேட்டரியை நம் பாட்டிமார் வெயிலில் வைத்தும், பல்லால் கடித்தும் இன்னும் ஒரு செய்தி கேட்டார்களே, அந்த ஓய்வும் சூடும்தான் அதன் இரகசியம். மேசையில் போட்டு எந்தக் கலம் துள்ளுகிறதோ அது காலி என்று இப்போது பிள்ளைகள் சொல்கிறார்கள். 2015-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் அதையும் ஆராய்ந்தார்கள். பாதி தீர்ந்த கலமே முழுத் துள்ளல் துள்ளிவிடுகிறது. ஆகவே அது புதியதல்ல என்று மட்டுமே துள்ளல் சொல்லும்.

இப்போது நம் கையிலிருக்கும் தொலைபேசிக்கு வருவோம். 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயன் கலம் இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதை உருவாக்கிய குட்இனாப், விட்டிங்காம், யோஷினோ மூவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதன் மின்னழுத்தம் நெடுநேரம் அதிகம் இறங்காமலே இருப்பதால் அதை மட்டும் பார்த்து மிச்சத்தைச் சொல்வது கடினம். எனவே உள்ளே ஒரு சிறு சில்லு, போவதையும் வருவதையும் நொடிக்கு நொடி கணக்கெழுதுகிறது. கடைக்காரர் பற்று வரவு எழுதுவதுபோல. 1910-களில் அமெரிக்க மின்சாரக் கார்களில் ஆம்பியர்-மணி மீட்டர் வைத்து இதையே செய்தார்கள். திரையில் நாம் பார்க்கும் விழுக்காடு அந்தக் கணக்கின் மிச்சம். பேட்டரி பழையதாகும்போது நூறு விழுக்காடு என்பதே சுருங்கிவிடும். ஐந்நூறு முதல் ஆயிரம் முறை நிரப்பியபின் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருப்பது வழக்கம்.

எங்கள் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுடன் நாங்கள் தலைவிளக்குக் கலங்கள் சிலவற்றை நிறுத்துப் பார்த்தோம். 18 மில்லிமீட்டர் தடிப்பும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைக் கலங்கள் அவை. இவ்வகையில் பேர்பெற்ற நிறுவனங்கள் செய்யும் நல்ல கலம் ஏறக்குறைய 3,500 மில்லியாம்பியர்-மணி கொள்ளும். எடை 45 கிராமை ஒட்டி இருக்கும். ஒரு பிள்ளை கொண்டுவந்த கலத்தின் மேல் 9,900 என்று அச்சிட்டிருந்தது. தராசில் 29 கிராம் காட்டியது. பாரடேயின் விதியைப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் மின்சாரத்தை எண்ணும் கருவி ஒன்றில் வைத்து முழுக்கத் தீர்த்தோம். பிள்ளைகள் முறைவைத்துக் கடிகாரம் பார்த்தார்கள். எண்ணூற்றுச் சொச்சத்தில் நின்றது. அந்த விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போகும் அந்தப் பிள்ளையின் தாயார், ஆறு மணிக்கே மங்கிவிடுகிறது, தன் கண்ணில்தான் கோளாறு என்று எண்ணிக் கண் மருத்துவரிடம் போக நாள் பார்த்திருந்தாராம்.

கருவி இல்லாதவர்கள் கடிகாரத்தை மட்டும் வைத்தே ஒப்பிடலாம். புதிதாக வாங்கிய அன்று விளக்கை முழுக்க நிரப்பி, ஒரே வெளிச்சத்தில் எரியவிட்டு, மங்கும்வரை எத்தனை மணி என்று சுவரில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதையே செய்யுங்கள்.

பவர் பேங்க் வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 10,000 என்ற எண் உள்ளே இருக்கும் கலத்தின் 3.7 வோல்ட் அழுத்தத்துக்கு உரியது. வெளியே அது 5 வோல்ட்டாக மாறி வருகிறது. 10,000-ஐ 3.7-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 7,400. மாற்றும்போது சூடாகிப் போவது இன்னும் கொஞ்சம். கைக்கு வருவது 6,500-க்குப் பக்கம். இது ஏமாற்றில்லை. நேர்மையான பெட்டியின் பின்புறம் இந்த இரண்டாவது எண்ணும் பொடி எழுத்தில் தனியே அச்சாகியிருக்கும். கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரியும்.